மணமும் பெயரும்: காஞ்சி மரபுகளை முன்வைத்து ஒரு விசாரணை

திருமணத்திற்குப் பின் ஒரு பெண்ணின் பெயர் மாறும்போது மாறுவது அவளா, அவளைப் பற்றிய ஒரு செய்தி மட்டுமா என்னும் வினா, தத்துவ நூல்களின் எல்லையைக் கடந்து இன்று குடியேற்ற விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுகிறது. காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்திலோ சின்னக் காஞ்சிபுரத்திலோ வளர்ந்த ஒரு பெண், வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவரை மணந்து, அவரோடு சேர்ந்து வாழும் உரிமையை அந்நாட்டு அரசிடம் கேட்கும்போது, குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்ற குழப்பத்திற்கு உள்ளாகிறாள். கல்யாணமான பிறகு புருஷன் பெயரைச் சேர்த்துக்கொள்வதுதானே முறை என்பதே பெரியவர்களிடமிருந்து பெரும்பாலும் வரும் விடை. அந்த விடையில் சமயக் கடமையும், குடும்ப வழக்கமும், அயல்நாட்டு அலுவலகத்தின் எதிர்பார்ப்பும் பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடக்கின்றன. சமயத்தின் கட்டளை என்று நம்பி ஒருத்தி பிறந்தது முதல் தன்னோடிருந்த பெயரை விடுவாளானால், அப்படியொரு கட்டளை உண்மையில் உண்டா என்று தேடிப் பார்க்கும் கடமை அவளுக்கு அறிவுரை சொல்வோரைச் சேர்ந்தது.

முதலில் தமிழரின் பெயரமைப்பைச் சற்று விரிவாகக் காண வேண்டும். தலைமுறை தலைமுறையாக மாறாமல் தொடர்ந்து வருவதே குடும்பப்பெயர் என்று கொண்டால், தமிழரில் பெரும்பாலோருக்கு அப்படியொன்று இல்லை. இட்ட பெயர் ஒன்றும், அதற்கு முன்னே தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ குறிக்கும் தலைப்பெழுத்தும்தான் உண்டு. காஞ்சிபுரத்தில் 1909-ல் பிறந்த சி.என். அண்ணாதுரையின் பெயரில், முதல் எழுத்து ஆங்கில ஆட்சியில் கான்ஜீவரம் என்று எழுதப்பட்ட அவருடைய ஊரையும், இரண்டாம் எழுத்து அவருடைய தந்தை நடராசனையும் குறிக்கின்றன. அந்த இரண்டு எழுத்துகளும் ஒருவர் எந்த மண்ணிலிருந்து, யாருக்குப் பிள்ளையாக வந்தார் என்பதைச் சொல்கின்றனவே தவிர, அவருடைய பிள்ளைகளுக்கு அப்படியே கைமாற வேண்டிய சொத்தாக அமையவில்லை. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப்பட்டம் ஒரு காலத்தில் குடும்பப்பெயரின் இடத்தை நிரப்பியிருக்கக்கூடும். ஆனால் 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த மாகாண காங்கிரஸ் மாநாட்டிலிருந்து வெளியேறிய பெரியார் தொடர்ந்து நடத்திய சுயமரியாதை இயக்கம், 1929 பிப்ரவரியில், காஞ்சிபுரத்தையும் அப்போது தன்னுள் கொண்டிருந்த மாவட்டத்தின் செங்கற்பட்டு நகரில் கூட்டிய மாநாட்டில், அந்தப் பட்டங்களைத் துறக்கும்படி தீர்மானம் நிறைவேற்றியது. தமிழ்ப் பெயரின் பின்பகுதி வெறுமையாக இருப்பதற்குப் பின்னே, மனிதரைப் பிறப்பால் ஏற்றித் தாழ்த்த மறுத்த ஓர் அறமுடிவு இருக்கிறது என்பதால், அந்த வெறுமையை ஒரு குறையாகக் கருதி, தாத்தா கைவிட்ட பட்டத்தைத் தேடியெடுத்துக் கடவுச்சீட்டில் நிரப்புவது எளிதாகச் செய்துவிடக் கூடிய காரியமன்று.

இந்தப் பெயரமைப்பை இரண்டு கட்டங்கள் கொண்ட படிவத்தில் அடைக்கும்போது நேர்வதை எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். முருகேசன் என்பவரின் மகன் கதிரவன். அவர் மணப்பவள் ஏகாம்பரத்தின் மகள் தேன்மொழி. கதிரவனின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயரான முருகேசன் இருக்கிறது. கணவரின் குடும்பப்பெயரை மனைவி ஏற்பதே உலக வழக்கம் என்று எண்ணித் தேன்மொழி தன்னைத் தேன்மொழி முருகேசன் என்று மாற்றிக்கொண்டால், தமிழ் வழக்கில் அதைப் படிப்பவர் அவளை முருகேசனின் மகள் என்றே கொள்வார்; மருமகள் மகளாகவும், மனைவி உடன்பிறந்தவளாகவும் ஆகிவிடுகிறாள். கணவரின் இட்ட பெயரைச் சேர்த்துத் தேன்மொழி கதிரவன் என்று எழுதினால் உறவு சரியாக இருக்கும். ஆனால் இருவரின் குடும்பப்பெயரும் வேறுவேறாகத் தெரிவதால், எந்த ஒற்றுமையைக் காட்டப் பெயரை மாற்றினாளோ அந்த ஒற்றுமை தாளில் இல்லாமலே போகும். பின்னர் பிறக்கும் குழந்தைகளுக்குக் கதிரவன் என்பதே பின்பெயராகும்போது தாயும் பிள்ளைகளும் ஒரு பெயரின் கீழ் நிற்க, தந்தை மட்டும் தனித்து நிற்பார். இப்படி மூன்று பேருக்கு மூன்று விளக்கம் எழுதும் நிலைக்கு ஆளான குடும்பங்கள் கடல் கடந்த தமிழரிடையே ஏராளம்.

பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இருக்கும் இரண்டு வரிகளில் மேல்வரியில் பெயருக்கு ஒதுக்கப்பட்டவை 39 இடங்கள். அவற்றை வகுத்த பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 என்ற எண்ணுள்ள ஆவணம், முதன்மை அடையாளம், துணை அடையாளம் என்று இரு பகுதிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. முதன்மைப் பகுதி தந்தையுடையதா கணவருடையதா என்பதில் அதற்கு அக்கறையில்லை. ஒற்றைப் பெயருள்ளவர்களின் பெயரை அமெரிக்க விசா குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு, இட்ட பெயரின் இடத்தில் முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமான எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துகளை அச்சிடுகிறது. ஐக்கிய அரபு அமீரகமோ 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா அல்லது வருகை விசாவில் வருவோருக்குத் தடை விதித்தது. ஆக, ஏதோ ஒரு பின்பெயர் வேண்டும் என்ற நெருக்கடி உண்மையானது. அது கணவருடைய பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்த நெருக்கடியிலிருந்து பிறப்பதில்லை. தந்தையின் பெயரை விரித்து எழுதினாலே அது தீர்ந்துவிடும்.

அப்படியானால் கணவரின் பெயர் வேண்டும் என்று சொல்வது சமயமா? வைதிக முறைத் திருமணத்தில் பெண்ணுக்கு மாறுவது கோத்திரம். கோத்திரம் என்பது ஒரு குலம் தன் மூதாதையாகக் கொள்ளும் ரிஷியின் வழி. கன்னிகாதானத்தின்போது மணமகளை இன்னாருடைய கொள்ளுப்பேத்தி, இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய மகள் என்று மூன்று தலைமுறை சொல்லி, அவளுடைய சொந்தப் பெயரையும் சொல்லியே புரோகிதர் சங்கற்பம் செய்விக்கிறார். தந்தைவழி முழுவதும் உரக்கச் சாட்சி கூறப்படும் அந்தச் சடங்கில் புதிய பெயர் எதுவும் அவளுக்கு இடப்படுவதில்லை. மராட்டியப் பகுதிகளில் மணமகளுக்குப் புதுப்பெயர் வைத்து அரிசியில் எழுதும் வழக்கம் உண்டு. தமிழ் மணச்சடங்குகளில் அதற்கு இணையாக ஒன்றில்லை. காமாட்சியம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும் ஒரு பெண்ணிடம் அர்ச்சகர் கேட்பவை கோத்திரம், நட்சத்திரம், பெயர் என்ற மூன்று. மணமான பெண் கணவரின் கோத்திரத்தைச் சொல்கிறாள். நட்சத்திரம் அவள் பிறந்த நாளுடையது. பெயர் பெற்றோர் இட்டது. கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்றோ விஷ்ணுகோத்திரம் என்றோ சொல்லி வழிபாடு தடையின்றி நடக்கிறது. அம்மன் முன்னிலையில் ஒரு பெண்ணின் அடையாளம் இவ்வாறு மூன்று கூறுகளாகப் பிரிந்து நிற்கிறது: அவற்றில் உறவைச் சொல்லும் கூறு மாறுகிறது, பிறப்பைச் சொல்லும் கூறு மாறவே மாறாது, பெயர் அவளுடையதாகவே இருக்கிறது. குடியேற்ற அலுவலகமும் பிறந்த நாளை மாறாத கூறாக வைத்துத்தான் சரிபார்க்கிறது என்பது கவனிக்கத்தக்க ஒற்றுமை.

வைதிகச் சடங்கே வேண்டாம் என்றவர்களுக்கும் இந்த முடிவு பொருந்தும். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று சேர்க்கப்பட்ட 7-அ பிரிவு, புரோகிதர் இல்லாமல், உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடக்கும் மணத்தைச் செல்லத்தக்கதாக்கியது. அதிலும் பெயர் மாற்றத்திற்கு இடமில்லை. 1955-ஆம் ஆண்டின் மூலச்சட்டம் மனைவியின் பெயரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மணமான மகளும் பிறந்த குடும்பத்தின் பூர்விகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்பால் பங்குடையவள் என்று 2005-ஆம் ஆண்டின் வாரிசுரிமைத் திருத்தம் உறுதி செய்த பின், தாலி ஏறியதும் தலைப்பெழுத்து மாற வேண்டும் என்பதற்குச் சட்டத்தின் ஆதரவும் இல்லை. கணவரின் குடும்பப்பெயரை ஏற்பது கடமை என்ற எண்ணம் பெருமளவு ஆங்கிலேயச் சமூகத்தின் வழியாகவே வந்தது. மணத்தோடு மனைவியின் சட்ட ஆளுமை கணவருடையதற்குள் அடங்கிவிடுகிறது என்று 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் விளக்கி எழுதிய கோட்பாடு அந்த வழக்கத்திற்குத் துணைநின்றது. அங்கேயே அது தளர்ந்துவிட்ட நிலையில், காஞ்சியில் அதைச் சாஸ்திரமாகக் கொள்வது வருத்தத்திற்குரியது.

இதற்கு மாறான சான்று இவ்வூரிலேயே கல்லில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய ராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில், சிறு சன்னதிகளின் மேல், அம்மன்னனின் விருதுப் பெயர்கள் ஏறத்தாழ 250 பொறிக்கப்பட்டுள்ளன. ஓர் ஆளுக்கு ஒரு பெயர்தான் என்ற கொள்கை அந்தச் சுற்றில் நடந்து வருபவருக்கு விந்தையாகத் தோன்றும். கோயிலின் முன்வரிசையிலுள்ள சிறு கோயில்களில் ஒன்றை எழுப்பியவள் அரசி ரங்கபதாகை. அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு அவளைக் காலகாலன் என்று புகழ்பெற்ற நரசிம்மவிஷ்ணுவின் அன்புக்குரிய தேவி என்று சொல்கிறது. கணவனின் பெயர் பெருமையோடு வருகிறது, உறவு ஐயத்திற்கிடமின்றிச் சொல்லப்படுகிறது. அவளுடைய பெயரோ ரங்கபதாகை என்றே தனியாக நிற்கிறது. மனைவி என்ற செய்தியைச் சொல்வதற்குப் பெயரைத் திருத்த வேண்டியதில்லை என்பதை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சியின் அரசி ஒருத்தியின் சாசனம் நடைமுறையில் காட்டியிருக்கிறது.

பெயர் மாற்றத்தையே சமயக் கடமையாக ஆக்கிய மரபுகளும் காஞ்சியில் உண்டு; அவற்றையும் நேர்மையாகக் கணக்கில் எடுத்தாக வேண்டும். 1894-ல் பிறந்து சுவாமிநாதன் என்று பெயரிடப்பட்ட சிறுவர், 1907-ல் துறவு பெற்றுக் காமகோடி பீடத்தில் சந்திரசேகரேந்திர சரஸ்வதி ஆனார். துறவு ஏற்பவர் தமக்குத் தாமே சிராத்தம் செய்துகொள்கிறார். இல்லறத்தாராக இருந்த ஆள் இறந்துவிட்டதாகவே சாஸ்திரம் கொள்கிறது, சொத்துரிமையைப் பொறுத்தவரை பழைய இந்துச் சட்டமும் அவ்வாறே கொண்டது. வைணவத்தில், ஆசாரியரிடம் அடைக்கலம் புகுபவருக்குச் செய்யப்படும் பஞ்ச சமஸ்காரம் என்னும் ஐந்து தூய்மைச் சடங்குகளுள் ஒன்று நாமம்: சங்கு சக்கரப் பொறியும் திருமண் காப்பும் பெற்றவருக்கு, இன்னாரின் அடியார் என்னும் தாசப் பெயர் சூட்டப்படுகிறது. காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பயின்ற ராமானுஜர், பின்னர் மதுராந்தகத்தில் பெரிய நம்பியிடம் இதைப் பெற்றார் என்பது மரபு. பெண்களும் இதைத் தமக்கென்று பெறுகிறார்கள். கணவர் வழியாக அது அவர்களுக்கு வந்து சேர்வதில்லை.

இந்த இரண்டிலும் புதுப்பெயர் இறைவனோடோ குருவோடோ ஏற்படும் உறவின் அடையாளம். வேண்டிப் பெறுபவரின் சம்மதம் இல்லாமல் அது நிகழாது. 2016 டிசம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் அறிவித்த பாஸ்போர்ட் விதித் தளர்வுகளில், சாதுக்களும் சன்னியாசிகளும் பெற்றோரின் பெயருக்குப் பதிலாகக் குருவின் பெயரைத் தரலாம் என்ற ஏற்பாடு இடம்பெற்றது. அரசின் படிவமே குருவைத் தந்தையின் இடத்தில் ஏற்கும்போது, அந்த இடம் இயற்கையின் விதியால் அமைந்ததன்று, மனிதர் மதிக்கும் உறவால் அமைந்தது என்பது தெளிவாகிறது. மணமோ துறவைப் போன்ற இறப்பு அன்று. முன்னைய வாழ்வைச் சிராத்தம் செய்து முடித்துவிட்டு ஒரு பெண் மணவறைக்கு வருவதில்லை. தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் சூழ, அவர்களுடைய மகளாகவே வருகிறாள். ஆகையால் துறவியின் பெயர் மாற்றத்தை முன்னுதாரணமாகக் காட்டி மணமகளின் பெயர் மாற்றத்தை நியாயப்படுத்த இயலாது.

பெயர் என்றால் என்ன என்பதைக் கூர்மையாக ஆராய்ந்தவரும் இப்பகுதியைச் சேர்ந்தவரே. கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பௌத்த அளவையியலாளர் திக்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறுகிறது. அளவையியல் என்பது சரியான அறிவு எவ்வழிகளில் கிடைக்கிறது என்று ஆராயும் துறை. பிரமாணசமுச்சயம் என்னும் நூலில் அவர், ஒரு பொருளை நேரடியாகக் காண்பது வேறு, அதன்மேல் சொல்லைப் பொருத்தி அறிவது வேறு என்று பிரித்து, பொருத்தப்படும் சொற்களை ஐந்தாக வகுத்தார். டித்தன் என்பதுபோல் விருப்பப்படி இடப்பட்ட பெயர் முதல்வகை. பசு என்பதுபோல் இனத்தைச் சொல்வது, வெள்ளை என்பதுபோல் பண்பைச் சொல்வது, சமைப்பவர் என்பதுபோல் செயலைச் சொல்வது ஆகியவை அடுத்தவை. ஐந்தாவது, கோல் உடையவர் என்பதுபோல் ஒருவரோடு சேர்ந்திருக்கும் வேறொரு பொருளைக் கொண்டு அவரைக் குறிப்பது. இந்த வகைப்பாட்டைக் கொண்டு பார்த்தால் தேன்மொழி என்பது முதல்வகையைச் சேரும். அதனுடன் வரும் ஏகாம்பரமோ கதிரவனோ ஐந்தாம் வகையின் பாற்படும். கோல் உடையவர் என்ற சொல் கோல் கையில் இருக்கும்வரை உண்மை. கோலை வைத்துவிட்டால் ஆள் அவரேதான், சொல்தான் பொருந்தாமல் போகிறது. தலைப்பெழுத்தை ஆளின் சாரமாகக் கருதிக் கலங்குவோரும், அதை மாற்றினால் குடும்பத்தில் கரைந்துவிட்டாள் என்று மகிழ்வோரும், ஐந்தாம் வகைச் சொல்லுக்கு முதல்வகையின் இடத்தைத் தந்துவிடுகிறார்கள்.

அடையாளத்தை எதைக் கொண்டு உறுதி செய்வது என்ற சிக்கலுக்கு மணிமேகலைக் காப்பியத்தை விடச் சிறந்த களம் தமிழில் இல்லை. தன்னை விரும்பித் தொடரும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப, மந்திரத்தால் காயசண்டிகை என்பவளின் உருவத்தை எடுக்கும் மணிமேகலையை, காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் தன் மனைவி என்றே நம்புகிறான். அவளோடு உதயகுமரனைச் சேர்த்துக் கண்டு அவனை வெட்டிவிடுகிறான். உருவத்தை மட்டும் நம்பிய கணவனின் முடிவு ஓர் உயிரைப் பறித்த பின்னரே, கந்திற்பாவை என்னும் தூணிலுள்ள தெய்வம் உண்மையைச் சொல்கிறது. வஞ்சி நகரிலும் துறவியின் வடிவெடுத்துப் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறியும் மணிமேகலை, முடிவில் காஞ்சிக்கு வந்து பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் பெறும் பாடம், காட்சி, அனுமானம் ஆகிய அளவைகளைப் பற்றியதும், அவற்றில் பிழை நேரும் வழிகளைப் பற்றியதுமாக இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. இன்று புகைப்படம், கைரேகை, பிறந்த தேதி, திருமணச் சான்றிதழ் ஆகியவற்றை அடுக்கி வைத்துக்கொண்டு ஓர் அலுவலர் செய்வதும் அனுமானமே: இந்தப் பெயரில் இருந்தவரும் அந்தப் பெயரில் இருப்பவரும் ஒருவரே என்று சான்றுகளின் தொடர்ச்சியிலிருந்து அவர் முடிவு காண்கிறார்.

ஆகவே இங்கே எழும் அறக்கேள்வி தொடர்ச்சியை மறைக்காமல் இருப்பதைப் பற்றியது. கணவன் அல்லது மனைவிக்காகத் தரும் ஐ-130 மனு, நிரந்தரக் குடியிருப்பு நிலைக்கான ஐ-485 விண்ணப்பம் போன்ற அமெரிக்கப் படிவங்கள், மணத்திற்கு முந்தையது உட்பட இதுவரை வழங்கிய பெயர்கள் அனைத்தையும் கேட்கின்றன. பொய்யுரைத்தால் தண்டனை உண்டு என்ற எச்சரிக்கையின் கீழ்க் கையொப்பம் பெறுகின்றன. பெயரை மாற்றுவது பொய் ஆகாது. பழைய பெயரை விட்டுவிடுவதுதான் வாய்மைக்கு ஊறு. காஞ்சிப் பட்டில் உடலின் நிறத்திலிருந்து முந்தானையின் நிறத்திற்கு மாறும்போது நெசவாளர் செய்யும் பேட்னி வேலையில், புதிய பாவின் இழைகள் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கப்பட்டு, சிறிது அகலத்திற்கு இரண்டும் சேர்ந்தே நெய்யப்பட்ட பின்புதான் பழைய இழை அறுக்கப்படுகிறது. பெயர் மாற்றத்திற்கும் அப்படியொரு சேர்ந்த பகுதி தேவை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி 90 நாட்களுக்குள் செய்ய வேண்டிய திருமணப் பதிவு, வேண்டுவோர் செய்யும் அரசிதழ் அறிவிப்பு, மறுவெளியீடு செய்த பாஸ்போர்ட் ஆகியவை அந்தப் பகுதியை உண்டாக்குகின்றன. விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது பெயரை மாற்றினால், ஒரு பெயரில் மனுவும் வேறொரு பெயரில் பாஸ்போர்ட்டும் நின்று, இடையிலுள்ள ஒவ்வொரு தாளுக்கும் விளக்கம் தர வேண்டியதாகும். சமயம் கேட்காத ஒன்றிற்காகப் புதுமணப்பெண் இந்தச் சுமையைத் தாங்க வேண்டும் என்று குடும்பத்தார் வற்புறுத்துவது நியாயமில்லை.

தானே விரும்பிக் கணவரின் பெயரை ஏற்பவளின் முடிவும் மதிப்பிற்குரியதே. பவானி, ருத்ராணி, சங்கரி என்று இறைவனின் பெயரிலிருந்து பிறந்த பெயர்களாலும் அம்மன் வழிபடப்படுகிறாள். ஆனால் காஞ்சியில் அவள் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு வெளியே தனிக்கோயிலில், காமாட்சி என்ற தன் பெயரிலேயே வீற்றிருக்கிறாள். இரண்டு வகைப் பெயரும் அவளுக்கு இயல்பானவை. மரபு மனைவியின் விருப்பத்திற்கு விட்டிருக்கும் இந்தப் பெயர்த் தேர்வை அரசுகள் வெவ்வேறாகவே நடத்துகின்றன: தமிழர் பெருமளவில் குடியேறிய மாண்ட்ரியல் நகரைக் கொண்ட கியூபெக்கில் 1981 முதல் மணமானவர்கள் பிறந்த பெயரிலேயே தங்கள் சட்ட உரிமைகளைச் செலுத்த வேண்டும், பிரான்சில் கணவரின் பெயர் வழங்குபெயராக மட்டுமே அனுமதிக்கப்படுகிறது, அமெரிக்காவிலோ குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றத்தையும் கேட்கலாம் என்பதால், பெயர் மாற்ற விரும்புபவள் அதுவரை பொறுத்திருக்கவும் இடமுண்டு.

உறவு முறியும்போதுதான் இந்த விசாரணை மிகவும் கடுமையாகிறது. கணவர் இறந்தாலும் பெண்ணின் கோத்திரம் அவருடையதாகவே நீடிக்கிறது என்று சாஸ்திர வழக்கம் கொள்கிறது. மணமுறிவு பெற்றவளைப் பற்றி மரபு தெளிவாகப் பேசுவதில்லை, கோயிலில் எந்தக் கோத்திரத்தைச் சொல்வது என்று அவளே தயங்கி நிற்கும்படி விட்டுவிடுகிறது. கணவரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துப் பாஸ்போர்ட், நிரந்தரக் குடியிருப்பு அட்டை, வங்கிக் கணக்கு, பட்டச் சான்றிதழ் என எல்லாவற்றிலும் பதித்துக்கொண்டவள், அந்நிய நாட்டில் தனித்து விடப்படும்போது, தன்னை விட்டுப் போனவரின் பெயரைக் கொண்டே தன்னை நிறுவ வேண்டியிருக்கிறது. மணமுறிவு பெற்றவர்களும் பிரிந்து வாழ்பவர்களும் முன்னாள் துணையின் பெயரைத் தர வேண்டியதில்லை என்று 2016-ன் அதே விதித் தளர்வுகள் கூறின. துறவிக்குக் குருவின் பெயரை அனுமதித்த அறிவிப்பிலேயே இவளுக்கும் இந்த விடுதலை கிடைத்தது. அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் அப்பெண்ணிடம் அர்ச்சகர் கோத்திரம் கேட்கையில், பிறந்த வீட்டுக் கோத்திரத்தையோ சிவகோத்திரத்தையோ சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு என்பதைக் காஞ்சியின் மடங்களும் ஆசாரியர்களும் வெளிப்படையாகக் கூறுவதே இன்று அவர்களிடம் எதிர்பார்க்கத்தக்க பணி.